மனதுக்கு இதமானது, எண் ஏழு

என் புருஷன் தியென்-சாயின் இடது கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அவருக்கு வேலை செய்வதே அந்த ஒரு கைதான். பக்கவாதம் வந்த ஒன்பது வாரமாக வலது பக்கம் அசையவில்லை, வாயில் ஒரு சொல் வரவில்லை.

"திரும்பவும் கட்டிலை விட்டு இறங்கப் பாத்தாரும்மா. நர்ஸுக்கு ஒரு உதை வேற" என்றார் டாக்டர் சுவாங்.

"அவரு நாய்க்குட்டியக்கூட அதட்டாத மனுஷன் டாக்டரே."

"மூளை அடிபட்டா அப்படித்தான். அதுக்குத்தானே தினம் காலையில அரை மணி நேரம் இசை வைக்கிறோம். நாடித்துடிப்பு இறங்கணும், பதற்றம் குறையணும். ஆராய்ச்சியே இருக்கு. இவருக்கு எல்லாமே தலைகீழா ஏறுது. இனிமே பேச்சுப் பயிற்சி குடுத்துப் பிரயோஜனமில்ல. பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடலாம். கையெழுத்துப் போடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுப் பயிற்சியை நிறுத்தினால் அவர் சாகும்வரை ஊமைதான். இருபத்தாறு வருஷம் எங்கள் தைனான் நகரத் தெருக்களை அதிரவைத்த தொண்டை அது.

"அப்படி என்னத்தத்தான் போட்டீங்க? குடுங்க, நானும் கேக்குறேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா? பியானோ. எண் ஏழு, மனதுக்கு இதமானதுன்னு பட்டியல்லயே இருக்கு."

நான் கேட்டு நிற்கவில்லை. தியென்-சாயின் தலையிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

குப்பை வண்டியின் மெட்டு!

எங்கள் ஊரில் குப்பை வண்டி இந்தப் பியானோ மெட்டை ஒலிபரப்பிக்கொண்டுதான் வரும். அது கேட்டால் பாதிக் குளியலில் இருப்பவர்கூடக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. அந்த வண்டியின் பின்னால் நின்று, ஓடிவரும் கூட்டத்துக்குக் குரல்கொடுத்துத்தான் என் புருஷன் சம்பாதித்தார். அவர் காதில் இதை ஊற்றிவிட்டு, அசையாமல் படு என்றால் எந்த மனுஷன் படுப்பான்? தெருவே பையோடு காத்திருக்கும்போது!

"நீங்க இத ஒரு நாளாவது காதுல வெச்சுக் கேட்டீங்களா?"

டாக்டர் கையெழுத்துத் தாளையே திரும்ப என் பக்கம் நீட்டினார். அவருடைய அடுக்குமாடியில் குப்பையைக் காவலாளிகளே கொண்டுபோய்விடுவார்களாக இருக்கும். ஏழாம் எண்ணை அழுத்தியதோடு அவர் வேலை முடிந்திருக்கிறது. பாவி, அதற்குத் தண்டனை என் புருஷனுக்கு!

பாட்டுப் பெட்டியிலிருந்து ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கி எறிந்தேன். மெட்டு வார்டு முழுக்க அலறியது. தியென்-சாயின் கைக்கட்டை அவிழ்த்தேன்.

"என்னம்மா பண்றீங்க? விழுந்துடுவாரு!"

"விழுந்தா நான் பிடிச்சுக்குறேன். நீங்க வாய மூடுங்க."

தியென்-சாய் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். அவர் தோளைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் மாமனாருக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண், கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, என்ன ஏது என்று யோசிக்காமலே குப்பைப் பையை அள்ளிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தாள்.

தியென்-சாய் இடது கையை உயர்த்தினார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"தள்ளி... தள்ளி நில்லு!"

அந்தப் பெண் அப்படியே நின்றாள். டாக்டரும் ஓர் அடி பின்னால் போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. கையெழுத்துக்கு நீட்டிய தாளைக் கசக்கி அந்தப் பெண்ணின் பைக்குள் போட்டேன்.

"காதுல விழுந்துச்சா டாக்டரே? பேச்சு வாத்தியாரக் கூப்பிடுங்க."