கூட்டத்துச் சத்தம்

ஹரீஷ் மும்பைக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து செந்தாமரையை ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டை அவன் எப்படியும் பார்த்துக்கொள்வான். சம்பளமும் பரவாயில்லை. ஆனால் அவனுக்குப் பேச ஆள் இருக்கிறதா?

காரைக்குடியில் பள்ளிக்கூடம் படித்தபோதும் சரி, கல்லூரி போனபோதும் சரி, அவனைத் தேடி வீட்டுக்கு வந்த பையன் என்று ஒருவனைக்கூட அவள் பார்த்ததில்லை. பிறந்தநாளுக்கு வாங்கின கேக்கை, தெருவில் விளையாடிய சின்னப்பிள்ளைகளைக் கூப்பிட்டு நிற்க வைத்து வெட்டியிருக்கிறாள். தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே வாய் திறக்காதவன், நாலு பாஷைக்காரர்கள் முட்டிமோதுகிற ஊரில் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பாள்.

"இருக்காங்கம்மா, ஃப்ரெண்ட்ஸ்லாம் இருக்காங்க."

"யாருய்யா? பேரச் சொல்லு."

"சொன்னா மட்டும் ஒனக்குத் தெரியவா போகுது?"

அவன் பேச்சை மாற்றிவிடுவான். ஒருமுறை கடற்கரையில் நிற்கிற படம் அனுப்பினான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, படம் எடுத்தவனின் நிழலாவது மணலில் விழுந்திருக்கிறதா என்று தேடினாள். மேகம் போட்ட நாள், நிழலே இல்லை.

"வேல பாக்கத்தானே போயிருக்கான், சேக்காளி சேக்கவா போனான்?" என்றார் கணவர் சேவுகப்பெருமாள். அவர் மின்வாரியத்தில் இருக்கிறார். எதற்கும் பதறாத மனுஷர். அதுவே அவளுக்கு இன்னும் பதற்றமாக இருக்கும்.

ஒருநாள் காரைக்குடி செஞ்சைப் பகுதி மாவு மில்லில் மிளகாய் அரைக்கக் காத்திருந்தபோதுதான் சோணையம்மாளைப் பார்த்தாள். கண்டரமாணிக்கத்துக்காரி, செஞ்சையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். காரம் தாங்காமல் தும்மிக்கொண்டிருந்தவளின் கைப்பேசி அடித்தது. காது கேட்காதவள்போல ஸ்பீக்கரில் போட்டாள். உள்ளிருந்து ஒரே இரைச்சல். சிரிப்பு, கூச்சல், எங்கோ பாட்டு.

"அம்மா, ஃப்ரெண்ட்ஸோட வெளிய வந்திருக்கேன். சத்தமா இருக்கு, அப்புறம் பேசவா?"

"சரிய்யா, சரிய்யா, நீ சந்தோசமா இரு."

போனை வைத்துவிட்டு மில்லில் இருந்த எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். "எம்மகன் முத்தரசு. பம்பாயில இருக்கான். எப்பப் போட்டாலும் கூட்டந்தான். ஒரு நாளும் தனியா இருந்து நான் கேட்டதில்ல."

செந்தாமரை மிளகாய் நெடி என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்கா, எம்புள்ளையும் அங்கதான் இருக்கான். ஒங்க மகன் நம்பரு தருவீகளா?" என்று கேட்டாள்.

நம்பர் கிடைத்த பிறகும் போன் போட அவளுக்குக் கை வரவில்லை. மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கூச்சப்படமாட்டார்கள். கடைசியில் சேவுகப்பெருமாள் வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில் போட்டேவிட்டாள்.

"தம்பி, நான் செஞ்சையிலருந்து பேசுறேன். ஒங்க அம்மாட்டதான் நம்பரு வாங்குனேன்."

"சொல்லுங்க சின்னம்மா."

அந்தச் 'சின்னம்மா'வில் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மகனைப் பற்றிச் சொன்னாள். கூச்ச சுபாவம், யாரிடமும் ஒட்டமாட்டான், நீங்கள் போகிற இடத்துக்கு ஒரு நாள் அவனையும் அழைத்துப் போனால் போதும். "நான் சொல்லி வந்தீகன்னு மட்டும் அவன்ட்டக் காட்டிக்கிராதீக. ஊர்க்காரப் பையன்னு பேசுங்க."

"சரி சின்னம்மா. இந்த ஞாயித்துக்கெழமையே போய்ப் பாக்குறேன்."

எவ்வளவு நல்ல பிள்ளை, கேட்டதும் ஒத்துக்கொண்டானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஹரீஷ் கூப்பிட்டான். எடுத்த எடுப்பிலேயே குரல் உயர்ந்திருந்தது.

"அம்மா, எனக்கு ஆள் புடிச்சுத் தரச் சொல்லி ஒன்னயக் கேட்டனா?"

"என்னய்யா சொல்ற…"

"அந்தண்ணன் வந்து ஒக்காந்ததுமே 'ஒங்க அம்மா ரொம்பக் கவலப்படுறாக'ன்னு சொல்லிட்டாரு. எனக்கு எம்புட்டு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? நான் என்ன ஒன்னாப்பு பையனா?"

அவள் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டான். திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. கெடுத்துவிட்டோமே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இருந்த ஒரு பேச்சுத் துணையும், அதாவது தானும், இல்லாமல் போய்விட்டதோ என்று பயந்தாள்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது.

"அம்மா, அந்தண்ணனுக்கு அங்க யாருமே இல்லம்மா."

"யாருக்கு? முத்தரசுக்கா? எந்நேரமும் கூட்டத்தோட இருக்குற புள்ளைக்கா?"

"அதான் பொய்யி. ஞாயித்துக்கெழமையானா ரயில்வே ஸ்டேஷன்லயோ மால்லயோ போய் நின்னுக்கிட்டு வீட்டுக்குப் போன் போடுவாராம். பின்னாடி கூட்டத்துச் சத்தம் கேக்கணும்ல, அதுக்காக. இத எங்கிட்டச் சொல்லிட்டு ஓட்டல்ல ஒக்காந்து அழுகுறாரு. எல்லாரும் பாக்குறாக. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல."

மில்லில் கேட்ட அந்தச் சிரிப்பும் பாட்டும் யாருடையவையோ. அதற்கு நடுவில் அந்தப் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றிருக்கிறான்.

"அப்ப… ஒனக்கு?"

"எனக்கு இருக்காகம்மா. நீதான் நம்ப மாட்டேங்குற." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். அவன் குடியிருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கேரம் போர்டு கிடக்கிறதாம். ஆடப் போனானாம். பிரசாந்த் என்று ஒரு மராத்திக்காரப் பையன், இம்தியாஸ் என்று பீகார்க்காரன். "பேசவே வேணாம்மா. காய அடிச்சாப் போதும். அப்புறம் தன்னால பேச்சு வந்துருச்சு. கேரம்னு சொன்னா அப்பா வைவாகன்னுதான் சொல்லல."

நம்பலாமா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒருவன் பொய் சொல்லக் கேட்ட பிறகு, இன்னொருவன் சொல்வதை எப்படி அப்படியே எடுத்துக்கொள்வது?

"அப்படின்னா முத்தரசையும் அங்குட்டுக் கூட்டிட்டுப் போயேன்."

"நான் இருக்கது முலுண்ட்ல. அவரு வாஷியில. தாணே போயி ரயில் மாறணும். அதோட…" நிறுத்தினான். "எனக்கு அந்தண்ணனப் புடிக்கலம்மா. ஆள் கெடச்சிருச்சுன்னு மேல விழுந்து பேசுறாரு. மூச்சு விடக்கூட மாட்டேங்குறாரு."

அவள் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாகத் தானே முத்தரசுக்கு அவ்வப்போது போன் போட ஆரம்பித்தாள். அவன் ஆபீஸ் கதை, மழைக் கதை, பக்கத்து அறைக்காரனின் நாய்க் கதை எல்லாம் சொல்வான். ஹரீஷ் சொன்னது சரிதான், ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் போட்டபோது அவன் எடுக்கவில்லை. மறுநாளும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாள் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. சாமான் வாங்கப் போகிறமாதிரி சோணையம்மாளின் மகள் வீட்டுப் பக்கம் போனாள். நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ சோணையம்மாளே வாசலில் இருந்தாள்.

"முத்தரசு நல்லா இருக்காகளா அக்கா?"

"அவனுக்கென்ன, சேக்காளிகளோட மலைக்குப் போயிருக்கான். லோனாவாலாவோ என்னமோ. சிக்னல் கெடைக்காதுன்னு முந்தாநாளே மெசேஜ் போட்டுட்டான்." சொல்லிவிட்டு மறுநாள் ஊருக்குத் திரும்பப் போவதாகவும் சொன்னாள்.

செந்தாமரை தலையாட்டிவிட்டு வந்தாள். கால் வீட்டை நோக்கி நடந்தது, மனசு எங்கெங்கோ போனது. எந்தச் சேக்காளி? எந்த மலை? உள்ளதைச் சொன்னால் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது ஆகும். சொல்லாமல் விட்டு அவனுக்கு ஏதாவது ஆகிப்போனால்? அழுத பிள்ளை, தனியாக இருக்கிற பிள்ளை. அவள் மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஹரீஷைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கே போய் அவுகளப் பாரு."

"ஆபீஸ் இருக்கும்மா."

"லீவு போடு."

"அம்மா…"

"நீ அவரோட சேக்காளியா இருக்க வேணாம்யா. உசுரோட இருக்காகளான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

ஹரீஷ் கிளம்பிவிட்டான்.

அதன் பிறகு நேரம் நகரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. குளிக்கப் போனால் போன் வந்துவிடுமோ என்று குளிக்கவில்லை. மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஒரு ஆண் குரல், ஹிந்தியில் படபடவென்று பேசியது. அவளுக்குப் புரிந்தது இரண்டே வார்த்தைகள்: ஹரீஷ், ஹாஸ்பிடல்.

"தமிழு! தமிழு!" என்று கத்தினாள். "எம்மகனுக்கு என்ன?"

அந்தக் குரல் நிதானப்பட்டது. "ஆன்ட்டி, நோ டென்ஷன், நோ டென்ஷன்" என்றது. ஏதோ தேற்றுகிறது என்று தெரிந்தது. யாரைப் பற்றித் தேற்றுகிறது என்றுதான் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மறுமுனையில் யாரோ போனை வாங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான்தான். என் போன்ல சார்ஜ் போயிருச்சு. இம்தியாஸ்ட்டப் போட்டுப் பேசச் சொன்னேன், இவன் பாட்டுக்கு ஹிந்தியில வெளுத்துட்டான்."

"நீ நல்லா இருக்கியாய்யா?"

"நான் நல்லா இருக்கேன். அந்தண்ணனுக்குத்தான் டெங்கு. கதவத் தட்டுனா எந்திரிக்கவே முடியல. குடிக்கத் தண்ணிகூட இல்லம்மா ரூம்ல. மூனாவது மாடி, லிப்ட் கெடையாது, என்னால ஒத்தையில எறக்க முடியல. நம்ம கேரம் பசங்களக் கூப்பிட்டேன், வந்துட்டாங்க. இப்ப ட்ரிப்ஸ் ஏறுது. டாக்டர் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு." குரல் உடைந்தது. "நான் போன மாசமே ஒரு தரம் போயிருக்கணும்மா."

பின்னாலிருந்து யாரோ மராத்தியில் நர்ஸிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிரசாந்தாக இருக்கும். தனக்குச் சேக்காளிகள் இருப்பதாக மகன் சொன்னது மெய்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இனி சோணையம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. டவுன் பஸ் ஏறிக் கண்டரமாணிக்கம் போனாள். போனில் சொல்லியிருக்கலாம், அவளுக்கு மனசு வரவில்லை. சோணையம்மாள் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி, என்ன திடீர்னு?"

"பதறாதீக அக்கா. முத்தரசுக்குக் காய்ச்சலு. ஆஸ்பத்திரியில சேத்திருக்காக. எம்மகன்தான் பக்கத்துல இருக்கான். நல்லா இருக்காக, இப்ப பேசலாம்."

வாளி கையிலிருந்து நழுவியது. சோணையம்மாள் தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "மலைக்குல்ல போறேன்னான்?"

செந்தாமரை கீழே விழுந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கூடப் போனவர்கள் எங்கே என்று அடுத்துக் கேட்பாளே, என்ன சொல்வது?

சோணையம்மாள் அதைக் கேட்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. போன்ல அம்புட்டுச் சத்தம் கேக்கும். ஒரு தரமாச்சும் ஒரு புள்ள, 'டேய் முத்து, வாடா'ன்னு அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல."

"அப்புறம் ஏன் அக்கா…"

"நாஞ் சந்தோசப்படணும்னு அவன் சொல்றான். அவன் சந்தோசப்படணும்னு நாஞ் சிரிக்கிறேன். வேற என்ன செய்யச் சொல்ற?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "போட்டுக் குடு. எம்புள்ளட்டப் பேசணும்."

செந்தாமரை மத்தியானம் வந்த இம்தியாஸின் நம்பருக்குப் போட்டுக் கொடுத்தாள். தாயும் மகனும் பேசும்போது கேட்கக்கூடாது என்று தள்ளிப் போய் மாட்டுக்கு மிச்சத் தண்ணீரைக் காட்டினாள். அன்றைக்குச் சோணையம்மாள் ஸ்பீக்கரில் போடவில்லை.

அந்த வாரமே மருமகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சோணையம்மாள் மும்பைக்குப் போய், மகன் எழுந்து நடக்கிறவரை இருந்துவிட்டு வந்தாள். அவள் திரும்பிய பிறகு முத்தரசைத் தனியே விட ஹரீஷுக்கு மனசில்லை. வேண்டாவெறுப்பாகத்தான் தன் அறைக்கே கூட்டிக்கொண்டு போனான். உடம்பு தேறும்வரைக்கும் என்றுதான் பேச்சு. உடம்பு தேறியது, மழைக்காலம் முடிந்தது, தீபாவளியும் வந்தது. முத்தரசு அங்கேயேதான் இருந்தான்.

செந்தாமரைக்குக் கவலை முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. வேலை மாறினால், ஆளுக்கொரு பக்கம் போனால் என்று இப்போதும் நினைத்துக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் கூப்பிட்டால் ஓயாத புகார்.

"ஈரத் துண்ட என் கட்டில்ல போடுறாரும்மா. அரைகுறை ஹிந்திய வச்சுக்கிட்டு இம்தியாஸோட அரசியல் பேசிச் சண்டைக்கு வேற போறாரு."

"நீ சொல்ல வேண்டியதுதானய்யா?"

"சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. அப்புறம் அவரே டீ போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. என்ன ஆளும்மா இவரு!"

"யாரு, சின்னம்மாவா? குடுறா இங்க," என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

"இருண்ணே, பேசிக்கிட்டு இருக்கேன்ல!"

இருவரும் போனுக்கு மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. செந்தாமரை, யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.