என் வீட்டுக்காரரின் திருகாணிப் பல்

என் வீட்டுக்காரர் அழகுசுந்தரத்துக்கு மைக்கைக் கண்டால் கை துறுதுறுக்கும். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும் யாரும் கூப்பிடாமலே மேடையேறி வாழ்த்துவார். எட்டு வருஷமாக ஒரே பேச்சுதான். மணமக்கள் பெயர் மட்டும் மாறும்.

போன தை மாதம் நேமத்தான்பட்டிக் கல்யாணத்தில், "பல்லாண்டு வாழ்க" என்று வாயை அகலத் திறந்து இழுத்தபோது மேல்வரிசைப் பல்செட்டு கழன்று மேடையில் விழுந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பேச்சு சீக்கிரம் முடிந்ததே என்றுதான் இருந்தது.

மறுவாரமே இம்பிளான்ட் வைக்கக் கிளம்பிவிட்டார். டாக்டர் தஸ்லிமாவுக்கு முப்பது வயது இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகாணி வைப்பார்களாம். அதை எலும்பு பிடித்துக்கொள்ள நாலைந்து மாதம் ஆகும். பிறகுதான் மேலே பல்.

"சிகரெட் பிடிப்பீகளா சார்?"

"சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது."

பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதே அவருக்கு ஞாபகமில்லை. "தினம் ஒரு பாக்கெட் பிடிக்கிறாரு டாக்டர்," என்றேன்.

"அதெல்லாம் அப்ப. விட்டாச்சு," என்றார் கூச்சமே இல்லாமல்.

"புகைச்சா எலும்பு சரியாப் பிடிக்காது சார். திருகாணி ஆடிப்போகும். விட முடியலேன்னா பல்செட்டே தேவலை. நல்லா யோசிச்சுட்டு வாங்க."

"விட்டாச்சுன்னு சொல்றேன்ல," என்று படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மேல்தாடையில் ஆறு திருகாணிகள் வைத்தார்கள். தையல் பிரிப்பதற்குள் அவர் பெருமை தாங்க முடியவில்லை. என் அண்ணன் பாண்டிமுருகன் பல்செட்டு போட்டவன். நலம் விசாரிக்க வந்தவனிடம், "மச்சான், நீங்க எல்லாம் பல்லைக் கழட்டி டம்ளர்ல போடுற ஆளுக. நான் இனிமே கரும்பு கடிப்பேன்," என்றார். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

தையல் பிரிக்கப் போன அன்று, காத்திருந்தபோது நான் முறுக்கு தின்றதைக் கவனித்த டாக்டர் கேட்டார். "நீங்க ஏம்மா ஒரு பக்கமாவே மெல்லுறீக?"

கீழே இடதுபக்கம் இரண்டு கடைவாய்ப்பல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு. உங்களுக்கும் வைக்கலாம்," என்றார்.

"அவளுக்கு எதுக்கு டாக்டர்? உள்பல்லு. யாரு பாக்கப் போறா?" என்றார் இவர்.

பத்து வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர், எனக்கு அங்கே பல் இல்லை என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் வாயில் வந்தது இவ்வளவுதான். நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரமே இரண்டு திருகாணி வைத்துக்கொண்டேன்.

அவர் குளியலறையில் புகைத்தார். கதவைத் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் எனக்குத் தெரியாதாம். ஜன்னல் விளிம்பில் தினமும் சாம்பல் கிடந்தது. இரண்டு தடவை சொன்னேன். "நீ என்ன டாக்டரா?" என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ரசம் சாதம் சாப்பிடும்போது ஒரு திருகாணி கழன்று தட்டில் விழுந்தது. இன்னும் மூன்று ஆடின. ஆஸ்பத்திரியில் போய்க் கத்தினார். "தரமில்லாத ஆணியை வச்சு ஏமாத்திட்டீக."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "உங்க சட்டையில இப்பவும் சிகரெட் வாடை வருது சார்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

"பாத்ரூம்ல பிடிக்கிறாரு டாக்டர்," என்றேன்.

மறுபடி பல்செட்டுக்கு அளவு கொடுத்தார். எனக்கு எலும்பு நன்றாகப் பிடித்து, ஐந்தாம் மாதம் இரண்டு பல்லும் வைத்துவிட்டார்கள். ஆனால் வாய் அடங்கவில்லை. இம்பிளான்ட் என்பதே மோசடி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். நேற்று எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி, தனக்கும் பல் வைக்க வேண்டும் என்று விசாரிக்க வந்தாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "அது சுத்த ஏமாத்து வேலைம்மா. என்னைய மாதிரி விவரமான ஆளையே..."

நான் பொன்னுத்தாயியை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் என் வாயைத் திறந்து புதுப்பல் இரண்டையும் காட்டினேன். விரலால் தட்டிப் பார்க்கவும் விட்டேன். அவர் பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே போய்விட்டார். டாக்டர் தஸ்லிமாவின் நம்பரை எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை நானே கூட வருவதாகச் சொல்லி அவளை அனுப்பினேன்.