இரண்டு ஆலாக்கள்

“ஒரே பேர்ல ரெண்டு கப்பல் நின்னா, கூப்பிடுறப்போ எதுப்பா திரும்பிப் பார்க்கும்?”

ஏழு வயது மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அவளுடைய அப்பா கடற்படை அலுவலகத்தில் போர்க்கப்பல்களின் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர். புதிய ரோந்துக் கப்பலுக்கு ‘ஆலா’ என்ற கடற்பறவையின் பெயரை எடுத்துக் கொடுத்த பெருமையை அப்போதுதான் அளந்துகொண்டிருந்தார். அதே பெயரில் முன்பே மூன்று கப்பல்கள் வந்திருந்தன.

“அப்படி நிக்கவே நிக்காதும்மா. பழசு ஓய்வு வாங்கின அப்புறம்தான் பேரு புதுசுக்குப் போகும்” என்றவரின் கை பாதி வழியில் நின்றது. மூன்றாவது ஆலாவுக்கு எதிரே அவர் பார்த்தது பென்சில் டிக். ஓய்வுக்கு நாள் குறித்தால் பென்சில். ஓய்வு கொடுத்து முடித்தால்தான் மை.

“என்னங்க, கல்லு கடிச்சிடுச்சா?” என்றாள் மனைவி.

“மலையே கடிச்சிடுச்சு.”

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். பென்சிலேதான். பழைய ஆலாவின் ஓய்வு இருபத்தாறாம் தேதி. புதியது ஐந்தாம் தேதியே நீரில் இறங்குகிறது. பெயரின் பித்தளை எழுத்துகளைக்கூட அதில் பொருத்திவிட்டார்கள். மேலதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே துறைமுகத்துக்கு ஓடினார்.

பழைய ஆலாவின் கேப்டன் தேநீர்க் குவளையோடு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

“நாங்க உயிரோட இருக்கும்போதே எங்க பேரைத் தூக்கிக் கொடுத்த புண்ணியவான் நீங்கதானா?”

“மன்னிச்சிடுங்க சார். என் பொண்ணு கேட்டப்புறம்தான் எனக்கே உறைச்சது.”

“எத்தனை வயசு?”

“ஏழு.”

“பேசாம அவளையே உங்க சீட்ல உட்கார வச்சிடலாம்” என்று சிரித்த கேப்டன், ஒரு தாளை இழுத்தார். எஞ்சின் இருமுவதால் நான்காம் தேதியே ஓய்வு கொடுத்துவிடலாம் என்று எழுதினார்.

“பொய் எழுதுறீங்களே சார், எனக்காக...”

“பொய்யா? பதினோரு வருஷமா இருமுது. வேணும்னா காதை வச்சுக் கேளுங்க.”

பக்கத்தில் நின்ற மெக்கானிக்குக்கு மனம் கேட்கவில்லை. “அப்போ பத்தாம் தேதி கடைசிப் பயணம்? அதோட நீங்களும் ரிட்டயர்மென்ட். நாள் எண்ணிட்டிருந்தீங்களேய்யா!”

“கடல் எங்கயும் ஓடிடாது. நீ போய் எஞ்சினைப் பாரு.”

நான்காம் தேதி பழைய ஆலாவின் கொடி இறங்கியது. எழுத்தர் பதிவேட்டில் மையால் டிக் போட்டார். மறுநாள் புதிய ஆலா கைதட்டலுக்கு நடுவே நீரில் வழுக்கி இறங்கியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எழுத்தருக்கு மட்டும் கேப்டன் இழந்த பயணம் உறுத்திக்கொண்டே இருந்தது.

மதிய இடைவேளைகளில் பழைய விதிப் புத்தகங்களைத் தேடிப் படித்தார். எட்டாம் நாள் ஒரு வரி கிடைத்தது: புதிய கப்பலின் முதல் பயணத்துக்கு, அதே பெயரில் முன்பு ஓடிய கப்பலின் கடைசிக் கேப்டனை விருந்தினராக அழைக்கலாம். நெடுநாளாக யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத விதி.

அழைப்பைத் தட்டச்சு செய்து, காரணமாக விதி எண்ணை மட்டும் குறிப்பிட்டு, மேலதிகாரியின் மேசையில் வைத்தார். “நல்ல விதியா இருக்கே!” என்று வியந்து கையெழுத்திட்டார் அவர்.

கேப்டனின் வீடு தபால் நிலையத்துக்குப் போகும் வழியில்தான் இருந்தது. உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எழுத்தர் அழைப்புக் கடிதத்தை வாசலில் இருந்த தபால் பெட்டிக்குள் போட்டார். அழைப்பு மணியைத் தொடாமல், யாரும் கதவைத் திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.