பீரோவுக்குப் பின்னால் ஒரு பிரிண்டர்

“ஒரு குரல் குடு போதும். அடுப்புல இருக்கறத அப்படியே விட்டுட்டு ஓடி வருவேன்” என்றாள் பெரியவள்.

“ஏங்க்கா, அந்தக் குரல நீங்க குடுத்தா தொண்டை கட்டிக்குமா?” என்றாள் சின்னவள்.

அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் நடுக்கதவின் இரண்டு பக்கமும் நின்று பேசிய கடைசிப் பேச்சு அது. விளையாட்டாகச் சொன்னதுதான், நாளாக ஆக வீம்பாகக் கெட்டிப்பட்டுவிட்டது. அண்ணனும் தம்பியும் ஊருக்கெல்லாம் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கிறவர்கள். தம்பி ஒரு மாடிப்படியைத் தப்பாக வரைந்துவிட, வாடிக்கையாளர் முன்னாலேயே அண்ணன் கத்தப்போக, கடைசியில் சொந்த வீட்டையே இரண்டாக வரைந்துகொண்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள், இந்தப் பக்கம் இரும்பு பீரோ. ஒரு வருஷமாகப் புடவை எடுக்க பீரோ முன்னால் நிற்கும்போதெல்லாம், கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுவிடலாமா என்று சின்னவளுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வரும். ‘அவங்கதானே பெரியவங்க, அவங்களே கூப்பிடட்டும்’ என்று திரும்பப் போய்விடும்.

இன்று புதுப் பிரிண்டர் வந்திருந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து கணவன் போனில் கெஞ்சினான். “மத்தியானத்துக்குள்ள பிளான் பிரிண்ட் ஆகணும்மா. எப்படியாவது ஓட வச்சுடு.”

“நீங்க மாடிப்படிய ஒழுங்கா போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். இந்த மாதிரி வேலை என்றால் பசிகூடத் தெரியாது. பிரிண்டரின் சின்னத் திரையில் அதன் நெட்வொர்க் முகவரி தெரிந்தது, புள்ளி வைத்துப் பிரித்த எண்களாக. கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து, அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று நான்கு தடவை கேட்டுப் பார்க்கும் ‘பிங்’ கட்டளையை அடித்து, எண்களைக் கடகடவென்று தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரை அமுக்கினாள். பதில் வந்தது. இன்னொன்று. வரிசையாக நான்கும் வந்துவிட்டன!

“அடி சக்கை!” நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். அதே முகவரியைப் பதிந்து, பழைய சோதனைப் பக்கத்தை அனுப்பினாள்.

புதுப் பிரிண்டர் புது மருமகளைப்போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

பீரோவுக்குப் பின்னால்தான் சத்தம் கேட்டது. முதலில் ஒரு இருமல். பிறகு கறக் கறக்கென்று இழுப்பு. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒன்றாக இருந்த காலத்தில் எல்லோரும் ‘கிழவன்’ என்று கூப்பிட்ட பழைய பிரிண்டர்!

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அவள் தட்டியிருந்த கடைசி எண் இருபத்தேழு. பெரியவளின் பிறந்த தேதி. கிழவனுக்கு மாறாத முகவரியாக இருக்கட்டும் என்று அன்றைக்குச் சின்னவளே போட்டுக் கொடுத்தது. விரல் பழக்க தோஷத்தில் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. தண்ணீரைப் பிரித்தார்கள், கரண்டைப் பிரித்தார்கள், துணி காயப்போடும் கொடியைக்கூடப் பிரித்தார்கள். அந்தப் பக்கத்துக்கு வேறு இன்டர்நெட்டும் வந்தாயிற்று. இந்தப் பக்கத்திலிருந்து கதவு நிலையின் ஓட்டை வழியாகப் போய்க் கிழவனின் முதுகில் செருகியிருந்த வயரை மட்டும் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் சோதனைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றாக இருந்தபோது முன்னறையில் இருக்கும் பெரியவளைச் சீண்ட அவள் எழுதிய ஒரே வரி. ‘அக்கா, டீ வேணும்.’

அந்தப் பக்கம் காகிதம் உருவப்படும் சத்தம். கொலுசுச் சத்தம் கதவுக்கு மிக அருகில் வந்து நின்றது.

“ஏன்டி” என்றது குரல். “இத்தன நாள் கழிச்சுக் கேக்கற, டீதான் கெடச்சுதா உனக்கு?”

‘தப்பா வந்துடுச்சு’ என்று சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீம்பு பிழைத்துக்கொள்ளும்.

“சொல்லுடி சீக்கிரம். பால அடுப்புல அப்படியே விட்டுட்டு வந்து நிக்கறேன்.”

பால் பொங்கித் தீய்கிற வாசனை கதவிடுக்கு வழியாக இந்தப் பக்கமும் வந்தது. சின்னவள் பீரோவின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றித் தள்ளினாள். உள்ளே ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

“டீ கெடக்கட்டும்க்கா” என்றாள் மூச்சு வாங்க. “மொதல்ல அந்தத் தாழ்ப்பாளத் திறங்க.”