ஒரு வாரத் தண்ணீர்

மருமகள் தாய்வீட்டிலிருந்து திரும்பியபோது, அவள் அறையில், ஆறு வருடம் வளர்த்த கள்ளிச்செடி அடியில் கொழகொழத்துக் கிடந்தது. 'தண்ணீர் வேண்டாம்' என்று அவள் ஒட்டிய சீட்டும் ஊறியிருந்தது.

"செடிக்கே தண்ணி காட்டாதவ, என் தம்பிக்கு எங்க சோறு போடப்போறா? தினம் நான்தான் ஊத்தினேன்" என்றாள் நாத்தனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு, மருமகள் செடியை அடியிலிருந்து வில்லை வில்லையாக நறுக்கினாள். எல்லாம் அழுகல். நுனியில் விரல் நீளம் மட்டும் சுத்தமான பச்சை.

நாத்தனார் சொம்பை எடுத்தாள். "இப்பவாச்சும் ஊத்தட்டுமா?"

"வெட்டின இடம் பத்து நாள் காயணும், அண்ணி. அப்புறந்தான் மண்ணு. அதுவரைக்கும் எங்க ரூம் சாவி உங்ககிட்ட வேண்டாம்."

"என் தம்பி குடுத்த சாவிடீ!"

"செடி என்னுது."

சாவி தரையில் வந்து விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, பச்சைத் துண்டோடு உள்ளே போய்த் தாழிட்டாள்.