கீழே வைத்த கோப்பை

மாதபாவிலிருந்து சாஃபிக்கு மலைமேல் ஒரு வழி உண்டு, உப்புக்கடலை ஒட்டி ஒரு வழி உண்டு. மலைவழியாகப் போகலாம் என்றான் வேனை ஓட்டிய முத்லக்.

"கடல்வழி தான் கிட்ட. திருப்புடா," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய சித்தப்பா அபு அவ்வாத்.

பின்னால் ஷேக் நவ்வாஷும் இன்னும் ஐந்து பெரியவர்களும் தேய்த்த துணி கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். செத்தவன் வீட்டில் சமாதானம் கேட்கப் போகிறவர்கள் முன்னால் வாதம் பண்ண முடியாது. திருப்பினான்.

மூசா நபி நின்று பார்த்த மலை வலதுபக்கம் பின்தங்கியது. சாலை வளைந்து வளைந்து கீழே இறங்க இறங்க, காதடைத்து வெக்கை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் முத்லக் கியரைக் குறைத்தான்.

"சினை ஒட்டகம் மாதிரி ஊருறியே," என்றார் சித்தப்பா. "என் மவன் இப்படி ஓட்டியிருந்தா இன்னைக்கு கம்பி எண்ணிக்கிட்டு இருக்க மாட்டான்."

"இவன் நிதானத்துல கால்வாசி அவனுக்கு இருந்திருந்தா நாம இந்த வெயில்ல இடுப்பொடிய வேணாம்," என்றார் ஷேக். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

முத்லக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தத் தண்ணி லாரியை ஓட்டியவன் உண்மையில் அவன்தான். சித்தப்பா மகன் அவ்வாத் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். விடியுமுன் எழுந்து இரண்டு நடை அடித்து, மூன்றாவது நடையில் உச்சிவெயிலில் முத்லக்கின் கண் சொருகியது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். ஆடுகள் எல்லாம் சாலையைத் தாண்டிவிட்டன. அவற்றின் பின்னால் வந்த சுவைலிம் தாண்டவில்லை.

முத்லக்மேல் ஏற்கெனவே ஒரு விபத்து வழக்கு இருந்தது. இன்னொன்று என்றால் வருஷக்கணக்கில் உள்ளே. வீட்டில் ஐந்து பிள்ளைகள். போலீஸ் வண்டி தூரத்தில் தெரிந்ததும் அவ்வாத் கையை நீட்டினான். "சாவியைக் குடுண்ணே. எனக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா." வேண்டாம் என்று முத்லக் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தான். அதற்கு அவன் கொஞ்ச நேரம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது தூங்கவிடாமல் அடித்தது.

முஜிப் பாலம் தாண்டி, லூத் நபியின் மனைவி உப்பாகிப் போய்த் தலைக்கு மேலே பாறையாக நிற்கும் இடம் வந்தது.

"திரும்பிப் பாக்காதேன்னா கேட்டாளா," என்றார் ஒரு பெரியவர்.

"உன் வீட்டுக்காரியா இருந்தா திரும்பிப் பாத்தது மட்டுமில்ல, நாலு கேள்வியும் கேட்டிருப்பா," என்றார் ஷேக்.

அதற்குப் பிறகு ஒரு வளைவில், சாலையோரம் கற்குவியல். செத்தவனின் சனங்கள் அடுக்கியது. முத்லக்கின் கால் தானாக பிரேக்கில் இறங்கியது.

"இங்கேயா?" என்றார் சித்தப்பா.

"ஆமா."

அவர் உள்ளங்கைகளை விரித்து, செத்தவனுக்காக ஃபாத்திஹா ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு, "நீ கூடத்தானே இருந்தே, ஒரு சத்தம் போட்டு அவனை எழுப்பியிருக்கலாமேடா," என்றார். அதில் கோபம் இல்லை.

சாஃபியில் தக்காளித் தோட்டங்களுக்குப் பின்னால் கறுப்புக் கூடாரம். சுவைலிமின் தகப்பன் அபு சுவைலிம் எழுந்து நின்று எல்லாரையும் உட்காரவைத்தார். உப்புப் பாத்தியில் வேலை பார்த்துப் பார்த்து அவர் விரல்களில் தோல் வெடித்திருந்தது. ஷேக்குக்கு முன்னால் காபி வந்தது. அவர் கோப்பையைத் தரையில் வைத்தார். கேட்க வந்தவன் அப்படித்தான் வைப்பான். கேட்டதைத் தந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை உதட்டில் வைக்கமாட்டான்.

"எங்க பிள்ளை அவ்வாத் தப்பு செஞ்சுட்டான்," என்றார் ஷேக். "நாங்க உங்க வாசல்ல நிக்கிறோம்."

"மன்னிச்சாச்சு," என்றார் அபு சுவைலிம். "உங்க பிள்ளையை விடச் சொல்லி நாளைக்கே கையெழுத்துப் போடுறேன். ஆனா முதல் கோப்பை உங்களுக்கில்ல ஷேக். லாரியில கூட வந்தவன் யாரு?"

எல்லாரும் முத்லக்கைப் பார்த்தார்கள்.

"மேட்டுல ஆடு மேய்ச்ச பொம்பளை சொன்னா. ஓட்டினவன்னு போலீஸ் கூட்டிப்போன பையன் போனைப் பிடிச்சுக்கிட்டு சிக்னல் தேடி ரோட்டுல ஓடினானாம். கூட வந்தவன் என் மவன் தலையை மடியில வெச்சு, வாயில தண்ணி விட்டானாம். கடைசித் தண்ணி." கிழவர் தானே காபிக் கூஜாவைச் சாய்த்து ஊற்றினார். "இந்தா. நீ குடிச்சப்புறம் தான் மத்தவங்க."

கோப்பை முத்லக்கின் கைக்கு வந்துவிட்டது. ஏலக்காய் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு மடக்கு. குடித்தால் அவ்வாத் இந்த வாரமே வீட்டுக்கு வருவான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சித்தப்பா அவன் தோளில் கை வைத்து, "குடிடா," என்று முணுமுணுத்தார். அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

அந்தப் பெருமையை அவனால் தாங்க முடியவில்லை. கோப்பையைத் தரையில் வைத்தான்.

அபு சுவைலிமின் புருவம் உயர்ந்தது. "உனக்கும் கேக்க ஒண்ணு இருக்கா? கேளு. தந்தேன்."

"அவ்வாத்தை விட்டுடுங்க. மன்னிச்சீங்கன்னு இல்ல, அவன் ஓட்டலைன்னு. ஓட்டினது நான்."

அடுப்புக் கரியில் ஏதோ வெடித்தது. சித்தப்பாவின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

கிழவர், தன் மகனின் தலை கிடந்த அவன் மடியைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் கோப்பையை எடுத்து, காபியை மணலில் கவிழ்த்தார்.

"தந்தேன்னு சொன்னது சொன்னது தான். அந்தப் பையன் வெளியே வருவான்," என்றார். "நீ என் வீட்டுக் காபியைக் குடிக்காதே. உனக்காக வேற ஒரு நாள் வந்து மன்னிப்புக் கேக்கட்டும், வர்றவங்க." ஷேக்கின் பக்கம் திரும்பினார். "நீங்க குடிங்க ஷேக். ஆறிப்போகுது."

ஷேக் குடித்தார். மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டே குடித்தார்கள்.

வேனுக்கு வந்ததும் சித்தப்பா கையை நீட்டினார்.

"சாவி."

முத்லக் கொடுத்தான். அவர் வண்டி ஓட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. கிளப்பும்போதே இரண்டு தடவை நின்றது. யாரும் சிரிக்கவில்லை. வழியில் மஸ்ராவில், ஊருக்குப் போகாமல், கரக் போலீஸ் நிலையத்துக்கு ஏறும் சாலையில் வேன் திரும்பியது. முத்லக் கிளீனர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒட்டகம், எருது என்று எதையாவது சொல்லி அவர் திட்டமாட்டாரா என்று ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தான். அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.