இடித்த வீடுகளின் நிழல்

தீவிலிருந்த வீடுகளையெல்லாம் இடித்து முடித்த மறுநாளும் அவற்றின் நிழல்கள் வழக்கம்போல் தரையில் விழுந்தன. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே சாய்ந்தன. சுவர் இருந்த இடம் கறுப்பாகவும் வாசல் இருந்த இடம் வெளிச்சமாகவும் தெரிந்தது. ஏவுகணைச் சோதனைத் தளம் கட்ட வந்திருந்த ராணுவப் பொறியாளர்கள் மேலே கான்கிரீட் கொட்டிப் பார்த்தார்கள். கான்கிரீட் நன்றாகவே இறுகியது. நிழல் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் கிடக்கட்டும் என்று சொல்லிக் கப்பலேறிவிட்டார்.

மரங்களையும் வெட்டிவிட்டதால் தீவில் ஒதுங்க வேறு இடமில்லை. சிப்பாய்கள் சாப்பாட்டுத் தட்டோடு அந்த நிழல்களில் உட்கார்ந்தார்கள், கால் நீட்டிக் குட்டித் தூக்கம் போட்டார்கள். தளத்தைக் கட்டிய மேஜர் மட்டும் பின்கழுத்துத் தோல் உரிய வெயிலிலேயே நின்றார். அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார் சமையல்காரர். கிறுக்கில்லை. காலி செய்யச் சொல்லி வீடு வீடாகப் போனவர் அவர்தான். வலை பின்னும் ஒரு அம்மாள் வீட்டில் அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, "ஆறே மாசம்தாம்மா. சோதனை முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம்" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார். அந்த வீடு இருந்த இடத்தில் என்ன எழும் என்ற வரைபடம் அப்போதே அவர் பையில் இருந்தது.

சில வருடங்கள் கழித்து, விடுப்பில், அவளைத் தேடிப் போனார். துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிக்கொடுத்த தகரக் கூரை வீடுகள். பட்டப்பகலில் ஒன்றுக்கும் நிழல் இல்லை. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவள் வெயிலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. இனிமே யாரும் அங்க திரும்பிப் போக முடியாது."

"தெரியும் சார்." வலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்: "நிழல் இருக்கா?"

"இருக்கும்மா. எங்க ஆளுங்க அதுலதான் உக்காந்து சாப்பிடுறாங்க."

"உக்காரட்டும். அங்க வெயில் அப்படி. வாசல் வழியா மட்டும் வரச் சொல்லுங்க. சுவரை மிதிச்சிட்டு வர வேண்டாம்."

வசவு வாங்கத் தயாராகப் போனவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தளத்துக்குத் திரும்பி அதை அப்படியே உத்தரவாகப் போட்டார். முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போனது. இப்போது ஏவுகணை ஏற்றிய லாரிகூட நிழல் சுவர்களைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. புதிதாக வரும் சிப்பாய்க்கு, தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தோடு வாசல் இருக்கும் இடத்தையும் காட்டிவிடுகிறார்கள். மேஜர் ஓய்வு பெறும்வரை வெளியே நின்றுதான் சாப்பிட்டார். "உள்ள வாங்க சார்" என்று சொல்ல வேண்டியவள் அங்கே இல்லை.